ட்ரோன் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு)

கல்லடியில் இருந்துகொண்டு கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படம் பிடிப்பது என் தொழில். ட்ரோன் வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முதலில் கூட வேலை செய்யும் தம்பிமார், பிறகு வெளிநாட்டிலிருந்து ஒன்று வந்து சேர்ந்த வீட்டுக்காரர், இப்போது சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் எடுத்தவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

வானம் எல்லாருக்கும் பொதுதானே, மறுகா எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடு?

பொது என்பதால்தான் கட்டுப்பாடு. கல்லடிப் பாலமும் பொதுதான், அதற்காக எவரும் எந்தப் பக்கத்தாலும் ஓட்டலாம் என்று விட்டால் என்ன நடக்கும்? பாலத்திலாவது எதிரில் வருகிறவரைக் கண்டு ஒதுங்கலாம், ஹோர்ன் அடிக்கலாம். வானத்தில் அது இல்லை. விமானத்தில் இருப்பவருக்கு உங்கள் ட்ரோன் கண்ணில் படவே படாது, அவர் கண்டு விலகுவார் என்று நினைப்பதுதான் முதல் பிழை. ஒரு முழ அகலமான சாம்பல் நிறப் பொருள் வாவிக்கு மேலே நிற்கிறது, அதை நோக்கி ஒருவர் மணிக்கு 150, 200 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்துவிட்டது என்றே வைப்போம், திருப்ப நேரம் இருக்காது.

ஆகவே பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும் விலக வேண்டியதும் நாங்கள்தான். கீழே வருகிற பதில்கள் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன.

இங்க எங்க பிளேன் வருது? நாளைக்கு ஒண்டு ரெண்டு வந்தாலே பெரிசு. அதுக்கா இவ்வளவு பயம்?

எத்தனை வருகிறது என்பதை விட எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. கட்டுநாயக்கவில் நிமிடத்துக்கு ஒன்று வந்தால் எவரும் பக்கத்தில் போக மாட்டார்கள். எங்கள் இடத்தில் மூன்று நாள் வானம் அமைதியாக இருக்கும், நான்காம் நாள் ஒன்று வரும். அந்த மூன்று நாள் பழக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

மட்டக்களப்பு விமான நிலையம் 1958 இல் திறந்தது. 1983 இல் விமானப்படை வசம் போய், 2018 மார்ச்சில் பொதுமக்களின் பயணத்துக்கும் திறந்துவிட்டார்கள். நகரத்துக்கு ஒட்டினாற்போல, திமிலைத்தீவில், வாவிக்கரையில் இருக்கிறது. செஸ்னா கரவன் மாதிரியான சிறிய விமானங்கள் வந்து போகும், விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் வரும். அம்பாறைப் பக்கம் உஹனவில் விமானப்படை ஓடுபாதை இருக்கிறது. இவை தவிர வெள்ளம், கடலில் காணாமல் போன படகு, முக்கிய ஆட்களின் வருகை என்று ஹெலிகொப்டர் எந்த மைதானத்திலும் இறங்கலாம், கரையோரமாகத் தாழப் பறக்கலாம். அதற்கு முன்கூட்டியே எங்களுக்கு ஒருவரும் சொல்லப் போவதில்லை.

எவ்வளவு உயரம் வரைக்கும் போகலாம்?

உங்கள் அனுமதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் உயரம். யூடியூப்பில் ஒருவர் சொல்வது அல்ல.

யூடியூப்பில் எல்லோரும் சொல்லும் 120 மீற்றர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைப்பது நல்லது. ஆளேறும் விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, திறந்த வெளிகளில் தரையிலிருந்து 500 அடிக்கு, அதாவது சுமார் 150 மீற்றருக்குக் கீழே வரக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள பொது விதி. ஊர் மனைகளுக்கு மேலே இன்னும் கூட, 1000 அடி. ட்ரோனை 400 அடிக்கு, அதாவது 120 மீற்றருக்குள் நிறுத்தினால் இரண்டுக்கும் நடுவில் 100 அடி இடைவெளி கிடைக்கும் என்பதுதான் பல நாடுகளின் கணக்கு. வெறும் 100 அடி. நீங்கள் 'கொஞ்சம்தானே' என்று 140 க்கு ஏற்றினால் அந்த இடைவெளியைத்தான் தின்கிறீர்கள்.

இன்னொன்று. திரையில் காட்டும் உயரம் நீங்கள் ட்ரோனை எழுப்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. மட்டக்களப்பில் எல்லாம் சமதரை, பெரிய வித்தியாசம் வராது. அம்பாறைப் பக்கம் ஒரு பாறை உச்சியில் நின்று எழுப்பி வயலுக்கு மேலே கொண்டுபோனால் திரையில் 80 என்று இருக்கும், கீழே இருக்கும் நிலத்திலிருந்து பார்த்தால் அது 150 ஐத் தாண்டியிருக்கும்.

அப்ப 120 க்குக் கீழ நிண்டா பிளேனுக்கு ஒண்டும் ஆகாதுதானே?

இல்லை. மேலே 'ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர' என்று எழுதினேன் அல்லவா, விஷயம் அங்கேதான். இறங்குகிற விமானம் வழக்கமாக 3 பாகை சரிவில் வரும், ஓடுபாதை விளிம்பைச் சுமார் 15 மீற்றர் உயரத்தில் கடக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளிம்பிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி அது 67 மீற்றர் உயரத்தில் இருக்கும். இரண்டு கிலோமீற்றர் தள்ளி, சரியாக 120 மீற்றர்! உங்கள் 'பாதுகாப்பான' 120 இல் நேருக்கு நேர்.

மட்டக்களப்பு ஓடுபாதை ஏறக்குறைய வடகிழக்கு-தென்மேற்காகக் கிடக்கிறது. அந்த நேர்கோட்டினை இரண்டு பக்கமும் நீட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் வாவியும் வயல்வெளியும், மறுபக்கம் நகரம். கோட்டைப் பகுதியையும் வாவியையும் சேர்த்து மாலை வெயிலில் எடுக்க எல்லோருக்கும் ஆசை, அந்த இடம் ஓடுபாதைக்கு எவ்வளவு கிட்ட என்று வரைபடத்தில் அளந்து பார்த்தவர்கள் குறைவு. பிரிட்டனில் ஓடுபாதையின் இரு முனையிலிருந்தும் 5 கிலோமீற்றர் நீளத்துக்கு, ஒரு கிலோமீற்றர் அகலத்துக்கு ட்ரோனுக்குத் தடை வைத்திருக்கிறார்கள். அது போக விமான நிலையத்தைச் சுற்றியும் ஒரு வட்டம். நகரத்துக்குள் வேலை என்றால் அனுமதி எடுக்கும்போதே விமான நிலையத்துக்கு இவ்வளவு கிட்ட என்று சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம்.

பருந்து, கொக்கு எல்லாம் பிளேனில அடிபடுதுதானே. அரைக் கிலோ பிளாஸ்டிக் என்ன செய்யப் போகுது?

பறவையின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அடிபட்டதும் நசுங்கிப் பரவிவிடும். ட்ரோனில் உலோக மோட்டார் நான்கு, கமரா, கட்டியான லித்தியம் பற்றரி. 2017 இல் அமெரிக்க விமான அதிகாரசபைக்காகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஆய்வில், ஒரே எடையுள்ள பறவையை விட ட்ரோன் கூடுதல் சேதம் செய்கிறது என்றுதான் கண்டார்கள்.

நடந்தும் இருக்கிறது. 2017 செப்டம்பரில் நியூயோர்க்கில் இராணுவ பிளாக் ஹோக் ஹெலிகொப்டரில் ஒரு ஃபாண்டம் 4 மோதியது. கலியாண வீடுகளில் நாங்கள் ஒரு காலத்தில் பாவித்த அதே வெள்ளை ட்ரோன்தான். சுழலும் பிளேட் நெளிந்தது, ட்ரோனின் மோட்டாரும் கையின் ஒரு துண்டும் ஹெலிகொப்டருக்குள் கிடந்தன. நல்லவேளை பத்திரமாக இறங்கினார்கள். விட்ட ஆள் நான்கு கிலோமீற்றர் தள்ளி நின்றிருக்கிறார், ட்ரோன் கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஏதோ பழுதாகித் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணைக்காரர் தேடி வந்து சொல்லும் வரைக்கும் மோதியது அவருக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியிற தூரம் எண்டா எவ்வளவு? எனக்குத் திரையில நல்லாத் தெரியுதே.

திரையில் தெரிவது ட்ரோன் பார்ப்பது. அது முன்னால் மட்டும் பார்க்கும். பின்னால், மேலே, பக்கத்தில் என்ன வருகிறது என்று திரை சொல்லாது. கண்ணுக்குத் தெரியும் தூரம் என்றால் வெறும் கண்ணால் பார்த்து, அது எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது, எங்கே போகிறது என்று சொல்லக்கூடிய தூரம். புள்ளியாகத் தெரிந்தால் போதாது. ஒரு அடி அகலமான ட்ரோன் 500 மீற்றரில் கடுகை விடச் சின்னது, கண்ணை ஒரு செக்கன் எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தேடிப் பிடிக்க முடியாது. என் அனுபவத்தில் சின்ன ட்ரோனுக்கு 200 மீற்றர், வெயில் முகத்தில் அடித்தால் அதை விடக் குறைவு.

ஹெலி வந்தா என்ன செய்யணும்?

இறக்குங்கள். உடனே. வீடியோவை முடித்துவிட்டு அல்ல.

என் கதையைச் சொல்கிறேன். பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குக் கிட்ட ஒரு சோடிக்குக் கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு, விடிந்து அரை மணித்தியாலம் இருக்கும். ட்ரோன் 100 மீற்றரில் முகத்துவாரத்துக்கு மேலே நிற்கிறது, அனுமதி எல்லாம் கையில். நான் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடல் இரைச்சல் வேறு. உதவிக்கு வந்த தம்பி என் தோளில் அடித்து "அண்ணே, ஹெலி!" என்றான். நிமிர்ந்தேன். கல்லடிப் பக்கமிருந்து கரையோரமாக, தாழ, வந்துகொண்டிருக்கிறது. ட்ரோன் எங்கே? காணவில்லை. வானத்தில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கைந்து செக்கன் எடுத்தது, அந்த நான்கைந்து செக்கன் இன்னும் நினைவில் இருக்கிறது. இழுத்து இறக்கினேன். என் ட்ரோன் செக்கனுக்கு 3 மீற்றர்தான் இறங்கும், 100 மீற்றருக்கு 33 செக்கன். அந்த வேளைக்குள் செக்கனுக்கு 60 மீற்றர் போகிற ஹெலிகொப்டர் 2 கிலோமீற்றர் வந்துவிடும். அது எங்களுக்குக் கடல் பக்கமாக விலகிப் போனது. விமானிக்கு நாங்கள் அங்கே இருந்தது தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ட்ரோன் மேலே இருக்கும்போது ஒரு ஆள் திரையைப் பார்ப்பதே இல்லை. வானத்தைப் பார்ப்பதும் காது கொடுப்பதும் மட்டுமே அந்த ஆளின் வேலை. தனியாகப் போனால் 50 மீற்றருக்கு மேல் ஏற்றுவதில்லை, ஏனென்றால் அதற்கு மேல் என்றால் இறக்க நேரம் போதாது. இறக்க முடியாத இடம் என்றால், கீழே தண்ணீரோ சனமோ என்றால், மரத்தின் உயரத்துக்குத் தாழ்த்தி, ஹெலி போகிற பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக்குங்கள். எந்தக் காரணத்துக்கும் மேலே ஏற்ற வேண்டாம்.

வெள்ளம் வந்தா ட்ரோன் விட்டுப் படம் எடுத்துப் போட்டா சனத்துக்கு உதவிதானே?

மனம் நல்லது, ஆனால் நீங்களாகச் செய்ய வேண்டாம். வெள்ள நேரம்தான் ஹெலிகொப்டர் மரத்து மட்டத்தில் பறக்கிற நேரம். நான் மேலே சொன்ன 500 அடி விதி மீட்புப் பணிக்குப் பொருந்தாது. கூரையில் நிற்கிறவரைத் தூக்க வருகிறவர், அந்த இடத்தில் ஒரு ட்ரோன் நிற்கிறது என்று கண்டால் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீ நேரம், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த விமானம் ஒன்றின் இறக்கையில் ஒருவருடைய ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது. கனடாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த விமானம் அது. பல நாட்கள் பறக்காமல் நின்றது, தீ எரிந்துகொண்டிருக்கும்போது! அவரும் நெருப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் விட்டார், இரண்டரைக் கிலோமீற்றர் போன பிறகு ட்ரோன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. உதவ விரும்பினால் பிரதேச செயலகத்திடமோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமோ "என்னிடம் ட்ரோன் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, தேவை என்றால் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் போங்கள்.

ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. இனி எங்கயும் விடலாம்தானே?

மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் எடுத்தால் அது லைசன்ஸ் ஆகிவிடுமா? பதிவு வேறு, பறக்கவிட அனுமதி வேறு. இரண்டையும் கட்டுநாயக்கவில் இருக்கிற சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம்தான் கேட்க வேண்டும். 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் இது அவர்களுடைய பொறுப்பு. எந்த இடம், எந்த நாள், என்ன தேவை என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள், கலியாணத் திகதிக்கு முதல் வாரம் ஓடுவதை விட்டு நாள் குறித்த உடனேயே தொடங்குங்கள்.

இந்த அனுமதி விஷயத்தில் பாதுகாப்பு அமைச்சும் ஏன் வருகிறது என்று சிலர் கோபப்படுகிறார்கள். 2019 ஏப்ரல் 21 எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் மறக்கவில்லை. அந்த வாரமே நாடு முழுக்க ட்ரோன் பறக்கத் தடை போட்டார்கள், பிறகு நிபந்தனைகளோடுதான் திறந்தார்கள். அனுமதி எடுத்துக்கொண்டு போய், இறங்குகிற இடத்துக்குக் கிட்ட இருக்கும் பொலிஸுக்கும் ஒரு வார்த்தை சொன்னால், ஆட்கள் பயந்து தகவல் கொடுக்கிறபோது உங்களுக்கும் தொல்லை இல்லை.

என்ட மினி, 249 கிராம். அதுக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு கடையில சொன்னாங்க.

249 என்பது அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களின் 250 கிராம் எல்லையைப் பார்த்துக் கம்பனி வைத்த எடை. ஜப்பான் 2022 இல் அந்த எல்லையை 100 கிராமுக்குக் குறைத்துவிட்டது, அங்கே இந்த மினியும் பதிய வேண்டும். பெட்டியில் அச்சடித்திருப்பது இலங்கை அனுமதி அல்ல. எடை குறைந்தால் மோதும்போது சேதம் குறையும், உண்மைதான், ஆனால் மினியும் அரைக் கிலோமீற்றர் உயரம் ஏறக்கூடியது. ஹெலிகொப்டரின் வால் சுழலிக்குள் போக 249 கிராம் போதும்.

கட்டாரில இரிந்து மச்சான் லீவுக்கு வாறார், ஒண்டு கொண்டு வரச் சொல்லட்டா?

அவர் டிக்கெட் எடுக்க முதல் அனுமதியைக் கேளுங்கள். ட்ரோன் கொண்டுவருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதல் வேண்டும், அதில் ரேடியோ இருப்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் பார்க்கும். கடிதம் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் மறித்து வைப்பார்கள். பிறகு மச்சானுடைய லீவு முழுக்க அதற்குப் பின்னால் ஓடித்தான் போகும்.

அப்பில சிவப்பு வட்டம் இல்ல, பச்சையா இரிக்கு. விடலாம்தானே?

அப்பில் உள்ள வரைபடம் கம்பனி போட்டது, எங்கள் நாட்டு விமான அதிகாரசபை போட்டது அல்ல. அது தடுக்கும் என்று நம்பியிருந்த காலமும் போய்விட்டது. 2025 ஜனவரியில் டிஜேஐ என்ற ட்ரோன் கம்பனி அமெரிக்காவில் விமான நிலையங்களைச் சுற்றி ட்ரோனைத் தானாக நிறுத்தும் முறையை எடுத்துவிட்டு, எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. முடிவு ஓட்டுகிறவர் கையில் என்பதுதான் அவர்கள் சொல்கிற காரணம்.

சில ட்ரோன்களில் கிட்ட வரும் விமானத்தின் சமிக்ஞையைப் பிடித்துத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. நல்ல வசதி, இருந்தால் பாவியுங்கள். ஆனால் விமானம் அந்தச் சமிக்ஞையை அனுப்பினால்தான் அது காட்டும், இராணுவ விமானங்கள் அதை நிறுத்தி வைத்துப் பறப்பது உண்டு. இங்கே தாழப் பறப்பவை பெரும்பாலும் எவை என்று யோசியுங்கள். காதுதான் நம்பிக்கையான கருவி.

மாமாங்கத் தீர்த்தம், தேர், கலியாணம், சனத்துக்கு மேல விடலாமா?

சனத்துக்கு நேர் மேலே வேண்டாம். 30 மீற்றரில் இருந்து மோட்டார் நின்று விழுந்தால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், கீழே வரும்போது மணிக்கு 85 கிலோமீற்றருக்கு மேல் வேகம். கீழே இருப்பது தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு தகப்பன். ஆடி அமாவாசையன்று மாமாங்கக் குளத்தடியில் விலக இடமே இருக்காது.

ஓரத்தில் நின்று சரிவாக எடுங்கள். கமராவைக் கொஞ்சம் குனித்தால் சனம் முழுவதும் விழும், உண்மையில் நேர் மேலிருந்து எடுப்பதை விட அந்தப் படம்தான் அழகு. இரவுத் திருவிழா என்றால் இன்னும் கவனம் வேண்டும், இருட்டில் ட்ரோனின் மோதல் தடுப்புக் கண்கள் வேலை செய்யாது, சோடனை வயர் எதற்கும் தெரியாது. வாணவேடிக்கை தொடங்க முதல் இறக்கிவிடுங்கள்.

கச்சான் அடிக்கிற நாளில விடலாமா?

கரையோரத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. போகும்போது காற்று தள்ளிவிடும், ட்ரோன் சும்மா வழுக்கிக்கொண்டு போகும், பற்றரி 60 வீதம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். திரும்பும்போது எதிர்க்காற்று. கீழே அமைதியாக இருந்தாலும் 80 மீற்றரில் காற்று வேறு. பாசிக்குடாவில் ஒரு தம்பியின் ட்ரோன் முழு வேகத்தில் கரையைப் பார்த்தபடி, கடல் பக்கமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போனதை நான் கண்ணால் பார்த்தேன். அவன் ரிமோட்டை உடைகிற மாதிரி அழுத்திக்கொண்டு நின்றான். தாழ இறக்கு என்று கத்தினோம், 15 மீற்றருக்கு இறக்கிய பிறகுதான் முன்னேறியது, பற்றரி 9 வீதத்தில் மணலில் விழுந்தது.

ஆகவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், காற்றோடு திரும்பி வாருங்கள். இந்த வழக்கம் வானத்தைப் பகிர்வதற்கும் முக்கியம், காற்று இழுத்துக்கொண்டு போகிற ட்ரோன் எந்த உயரத்தில் எங்கே நிற்கும் என்று உங்கள் கையில் இல்லை. காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தால் முன்னாலிருந்து வரும் ஹெலியின் சத்தமும் பிந்தித்தான் கேட்கும்.

வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஆளுயரத்திலதானே போகுது, எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சம்மாந்துறைக் காக்கா ஒருவர் கேட்டது. நியாயமான கேள்வி, பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீற்றரில் போகிற ட்ரோனுக்கு விமானம் பிரச்சினை இல்லை. ஆனால் பெரும்போகத்தில் பக்கத்துப் பக்கத்து வட்டையில் நான்கு பேர் ஒரே காலையில் அடிக்கத் தொடங்கினால் வானம் அங்கேயும் பொதுதான். தொட்டி நிரம்பிய பெரிய ட்ரோன் ஒரு மூட்டை நெல்லின் பாரம் வரும், நான் இதுவரை சொன்ன அரைக் கிலோ, ஒரு கிலோ கதை அல்ல.

மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, 'வீட்டுக்குத் திரும்பு' உயரம். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாக அந்த உயரத்துக்கு எழும்பித்தான் திரும்பும். கரண்ட் கம்பியையும் தென்னையையும் தாண்டும் அளவுக்கு வையுங்கள், தேவைக்கு மேல் வேண்டாம், அதிலும் உஹனப் பக்கத்து வயல்காரர் ஓடுபாதை எந்தத் திசையில் என்று பார்த்து வைக்க வேண்டும். இரண்டு, வயலுக்குக் குறுக்கே போகும் கம்பிகளை முதலில் நடந்து பாருங்கள், மெல்லிய வயரைச் சென்சர் தவறவிடும். மூன்று, மருந்து காற்றில் போய்ப் பக்கத்து வரம்பில் நிற்கிறவர் மேலே விழும். அங்கே ஆள் நின்றால் நிறுத்துங்கள். மருந்தடிப்பதைப் படம் எடுக்க இன்னொருவர் சின்ன ட்ரோன் விடுகிறார் என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஒரே விழாவில ரெண்டு மூண்டு ட்ரோன் நிண்டா?

எழுப்ப முதல் பேசுங்கள், அவ்வளவுதான். போட்டிக்காரர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் இரண்டு பேருடைய சாமானும் போகும். நாங்கள் செய்வது: ஒருவர் 40 மீற்றருக்குக் கீழே, மற்றவர் 60 க்கு மேலே, நடுவில் ஒருவரும் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "இறங்குறன்" என்று. 'வீட்டுக்குத் திரும்பு' உயரமும் ஒரே எண்ணாக இருக்கக்கூடாது, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பட்டம் விடுறதுக்கும் ட்ரோனுக்கும் என்ன சம்பந்தம்?

பட்டத்து நூல் ட்ரோனின் இறக்கையில் சுற்றினால் அது கல் மாதிரி விழும். நூல் உங்கள் கமராவில் தெரியாது. பிள்ளைகள் பட்டம் விடுகிற வெளியில் ட்ரோனை எடுக்கவே வேண்டாம், அது அவர்களுடைய இடம். அதே வேளை பட்டமும் வானத்தைப் பகிர்கிற ஒன்றுதான், விமான நிலையத்துக்குக் கிட்ட உயரமாக விடும் பெரிய பட்டம் விமானத்துக்கும் ஆபத்து. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள்.

குமண, யானை, பறவை... காட்டுக்குள்ள ஆருக்கு இடைஞ்சல்?

தேசிய பூங்காக்களில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. குமண வில்லில் கூடு கட்டும் காலத்தில் ஒரு ட்ரோன் போனால் நாரைகள் முட்டையை விட்டுவிட்டு எழும்பும், அந்தப் பறவைக் கூட்டம் உங்கள் ட்ரோனுக்கும் சுவர் மாதிரி. யானைக்கு ட்ரோன் சத்தம் தேனீக் கூட்டம் மாதிரிக் கேட்கும் என்கிறார்கள், கண்டால் ஓடும். எந்தப் பக்கம் ஓடும்? வயல் பக்கமாகவோ வீடுகள் பக்கமாகவோ ஓடினால் அதற்கு யார் பொறுப்பு?

பக்கத்து வீட்டு அம்மம்மா ட்ரோன் சத்தம் கேட்டா உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டுறா. நான் ஒண்டும் அவவைப் படம் எடுக்கலியே?

போர்க்காலத்தில் வேவு விமானத்தை 'வண்டு' என்று சனம் சொன்னது உங்களுக்குத் தெரியாத வயதாக இருக்கலாம். அந்த இரைச்சல் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று அறிந்தவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். சட்டப்படி நீங்கள் சரியாக இருந்தாலும், வீடுகளுக்கு மேலே விட முதல் படலையில் போய் "அம்மம்மா, நான்தான், பத்து நிமிசம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு ஒரு தெருவிலும் சண்டை வந்ததில்லை. மறுத்தால் அந்த வளவுப் பக்கம் போக வேண்டாம்.

இன்னும் அஞ்சு பத்து வருசத்தில ஆயிரக்கணக்கில பறக்கப் போகுது. அப்ப என்ன செய்வாங்க?

வெளிநாடுகளில் வழி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து, பதிவு செய்ய வேண்டிய ட்ரோன்கள் பறக்கும்போது தன் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும், வானத்தில் நம்பர் பிளேட் மாதிரி. ஐரோப்பாவில் 2023 ஜனவரியிலிருந்து, ட்ரோன்களுக்கென்று தனிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டோடு வான்பகுதிகளை ஒதுக்கச் சட்டம் இருக்கிறது. மருந்து கொண்டுபோகிற ட்ரோன், கம்பி பரிசோதிக்கிற ட்ரோன், கலியாண ட்ரோன் எல்லாம் தன் பாதையை முன்கூட்டியே சொல்லி இடம் வாங்குவதுதான் அதன் நோக்கம்.

ஆனால் அந்த முறைகள் எல்லாம் சொல்கிறவரை மட்டும்தான் காட்டும். சொல்லாமல் விடுகிற ஒருவர் போதும்: 2018 டிசம்பரில் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் கண்டதாக வந்த தகவல்களால் சுமார் 1,000 விமானப் பயணங்கள் குழம்பின, நத்தாருக்கு வீடு போக இருந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் விமான நிலையம் அவ்வளவு பெரியது அல்ல. அப்படி ஒரு நாள் இங்கே வந்தால் நிற்கப்போவது வாரத்தில் வந்த ஒரே விமானமாக இருக்கலாம், நோயாளியை ஏற்ற வந்த ஹெலிகொப்டராகவும் இருக்கலாம்.

ட்ரோன் கட்டுப்பாட்டை மீறிப் போயிற்று, காணல. ஆருக்கும் சொல்லாம விடவா?

விமான நிலையப் பக்கமாகப் போயிருந்தால் மறைக்கவே வேண்டாம், உடனே 119 க்கு அழைத்து எந்த நேரம், எந்த உயரம், எந்தத் திசை, பற்றரி எத்தனை வீதம் என்று சொல்லுங்கள். அந்த நான்கும் தெரிந்தால் அது இன்னும் எத்தனை நிமிடம் வானத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு, வருகிற விமானத்தை அவர்களால் காத்திருக்கச் சொல்ல முடியும். நியூயோர்க் ஆள் வீட்டுக்குப் போய்விட்ட கதையை மேலே எழுதியிருக்கிறேன். தண்டப் பணம் வரலாம் என்று பயந்து மறைத்தவர்களை எனக்குத் தெரியும்.

திமிலைத்தீவுப் பக்கம் ஆரோ விடுறதைக் கண்டன். கல்லால அடிச்சு விழுத்தவா?

வேண்டாம். அடிபட்ட ட்ரோன் எங்கே விழும் என்று உங்களுக்கும் தெரியாது, பற்றரி நசுங்கினால் தீப்பிடிக்கும். விடுகிறவர் அநேகமாக 100, 200 மீற்றருக்குள் தலையைக் குனிந்தபடி நிற்பார், தேடிப் பிடித்து ஓடுபாதை அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் இப்படி மூன்று பேரிடம் போயிருக்கிறேன். இரண்டு பேருக்கு அங்கே விமான நிலையம் இயங்குகிறது என்பதே தெரியாது, உடனே இறக்கினார்கள். மூன்றாவது பையனுக்கு வயது பதினைந்து இருக்கும், மாமா அனுப்பிய ட்ரோன். கணக்கைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டினேன், ஒரு கிலோமீற்றரில் 67, இரண்டில் 120 என்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்ப அண்ணே, எந்தக் கிறவுண்டில விடலாம்?" என்று கேட்டான். மறுநாள் பின்னேரம் அவன் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான், பதிவு விண்ணப்பத்தை மூன்று பேருமாக இருந்து நிரப்பினோம்.